கசப்பு, புளிப்பு, துவர்ப்பு: சிங்கப்பூரில் ஆறு நாள்

முதல் நாள், புதன் இரவு

செங்காங்கில் அண்ணன் வீடு. 11-வது மாடி. எல்லாரும் தூங்கப் போய்விட்டார்கள்; கூடத்து விளக்கில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். 2006-ல் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர், இப்போது வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்கி, குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டார். "ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போடா, இங்க எத்தனை தினுசு பீர் வந்திருக்குன்னு பாரு" என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

புதுச்சேரிக்காரனுக்கு மதுக்கடை புதிதில்லை. ஆனால் எங்கள் ஊரில் விலை பார்த்து வாங்குவோம், இல்லையென்றால் போதை பார்த்து வாங்குவோம். ருசி பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு. அதனால் இந்தப் பயணத்துக்கு இரண்டு ஏற்பாடு செய்துகொண்டேன். ஒரு நாளைக்கு மூன்று கிளாஸுக்கு மேல் கிடையாது. குடித்ததை அன்று இரவே எழுதிவிட வேண்டும், அதுவும் என் நாக்குக்குத் தெரிந்த சொல்லில் மட்டும். ஒயின் பாட்டிலின் பின்பக்கம் கூஸ்பெரி, ப்ளாக்கரண்ட் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பழங்களை நான் தின்றதே இல்லை. அறுசுவை என்று ஆறு சுவைக்குப் பெயர் வைத்து, துவர்ப்பையும் அதில் தனிச்சுவையாகச் சேர்த்த மொழி நம்முடையது. அது போதாதா என்று பார்த்துவிடலாம்.

இன்று பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கீழே இரண்டு ப்ளாக் தள்ளி ஒரு காப்பிக்கடை. அண்ணன் டைகர் பெரிய பாட்டில் சொன்னார், 633 மில்லி, 9 வெள்ளி. இங்கே நம் ஆட்கள் டாலர் என்று சொல்வதில்லை, வெள்ளிதான், சென்ட்டுக்குக் காசு. பீர் கொண்டுவந்த சீன அம்மா கேட்காமலே ஒரு சின்ன வாளியில் ஐஸ் கட்டிகளையும் வைத்துவிட்டுப் போனார். பீரில் ஐஸ் போடுவதா என்று முதலில் தயங்கினேன். இந்தப் புழுக்கத்தில் ஐந்து நிமிஷத்தில் கிளாஸ் வெதுவெதுவென்று ஆனதும் நானும் போட்டுக்கொண்டேன்.

டைகர் 1932-ல் இங்கே வந்த பீர். ஃப்ரேசர் அண்ட் நீவ் கம்பெனியும் ஹைனெக்கனும் சேர்ந்து ஆரம்பித்த மலாயன் ப்ரூவரீஸ் காய்ச்சியது. லாகர் வகை, அதாவது குளிர்ச்சியில் மெதுவாக நொதிக்கவிட்டு, பிறகு வாரக்கணக்கில் குளிரிலேயே தெளியவிடுவது. வாயில் ஊற்றியதும் வறுக்காத பொரியின் லேசான இனிப்பு, பின்னால் மெல்லிய கசப்பு, அவ்வளவுதான், சட்டென்று மறைந்துவிடுகிறது. அந்தச் சுத்தம்தான் அதன் குணம். மிளகாய் விழுதான சம்பல் பூசிய காரமான மீனோடு நன்றாகவே இருந்தது.

9 வெள்ளியில் வரி எவ்வளவு என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் கைப்பேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். பீருக்கு, அதிலிருக்கும் சுத்தமான ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 60 வெள்ளி கலால் வரி. 5 சதவீத பீர் 633 மில்லியில் ஆல்கஹால் 32 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஆக வரி ஏறக்குறைய 1 வெள்ளி 90 காசு. அதற்கு மேல் 9 சதவீதம் பொருள், சேவை வரி. ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் லிட்டருக்கு 88 வெள்ளி. 13 சதவீத ஒயின் ஒரு பாட்டிலுக்கு 8 வெள்ளி 58 காசு, பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே.

இரவு 10.30 ஆனதும் எதிரே புல்தரையில் கேனோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள். 10.30-லிருந்து காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது, கடைகளில் வாங்கிக்கொண்டும் போக முடியாது. 2015-லிருந்து இந்தச் சட்டம்.

இரண்டாம் நாள், வியாழன்

சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் இரண்டாம் மாடி. சிங்கப்பூரிலேயே பெரிய உணவங்காடி நிலையம் இதுதான், 200 கடைக்கு மேல் இருக்கும். வாத்து தொங்குகிற கடைக்கும் சட்டிச் சோற்றுக் கடைக்கும் நடுவில், அதே அளவு அறையில், சுவரில் வரிசையாகக் குழாய் வைத்து கிராஃப்ட் பீர், அதாவது சின்ன ஆலைகளில் காய்ச்சும் பீர், விற்கிறார்கள். நான் நினைத்துக்கொண்டிருந்தது குளிரூட்டிய கூடம், மங்கலான விளக்கு, தோல் நாற்காலி. இங்கே பிளாஸ்டிக் முக்காலி, தலைக்கு மேல் காற்றாடி, பக்கத்து மேஜையில் தாத்தா ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இந்த இடம் உடனே பிடித்துவிட்டது.

குழாய்க்காரர் இளைஞர். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு விரற்கடை ஊற்றிக் கொடுத்துக் குடித்துப் பார்க்கச் சொன்னார். நான் வாங்கியது உள்ளூர்க்காரர்கள் காய்ச்சிய ஒரு கலங்கலான ஐ.பி.ஏ.

ஐ.பி.ஏ. என்பது இந்தியா பேல் ஏல், முதல் எழுத்தே இந்தியா; பேல் ஏல் என்றால் வெளிர் நிறப் பீர் வகை. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் பௌ பகுதியிலிருந்து வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பலில் இந்தியாவுக்கு வந்த பேல் ஏல்தான் இதன் மூதாதை. ஹாப்ஸ் என்ற கொடியின் பூவை நிறையப் போட்டால் பீர் சீக்கிரம் கெடாது, கசப்பும் ஏறும். அந்தப் பீர் இறங்கிய துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் நம் வீடுகளில் அது நுழைந்ததே இல்லை. 200 வருஷம் கழித்து அதை நான் சிங்கப்பூரில் முதல் முறையாகக் கவனித்துக் குடிக்கிறேன்.

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். பழுத்த கொய்யா. எங்கள் வீட்டுக் கொல்லையில் அணில் கடித்துக் கீழே விழுந்த கொய்யாவை மண்ணோடு எடுத்து முகர்ந்தால் வருமே, அந்த வாசனை. அதற்குப் பின்னால் மாம்பழத்தோல். பழம் எதுவும் சேர்க்கவில்லை, எல்லாம் ஹாப்ஸ் பூவிலிருந்து வருவது என்றார் அந்த இளைஞர். ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பதால் நிறம் கலங்கலாக, நாக்கில் வழுவழுப்பாக இருக்குமாம். குடித்ததும் முதலில் இனிப்பு போல ஏமாற்றிவிட்டுப் பிறகு கசப்பு வருகிறது. பாகற்காய்க் கசப்பு இல்லை, அது நாக்கின் நடுவிலேயே உட்கார்ந்துகொள்ளும். இது வேப்பம்பூ ரசத்தின் கசப்பு: தொண்டையில் இறங்கும்போதுதான் தெரியும், கொஞ்ச நேரம் கழித்து வாய் சுத்தமாக இருக்கும்.

கூடவே சார் குவே தியாவ் ஒரு தட்டு. பட்டை நூடுல்ஸ், இனிப்பு சோயா, சிப்பி, பன்றிக்கொழுப்பு, எல்லாம் கொதிக்கும் வாணலியில் புரட்டியது. எண்ணெய்ப் பிசுக்கு உதட்டில் ஒட்டும். ஒரு வாய் அது, ஒரு வாய் பீர் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டபோதுதான் இந்தக் கசப்புக்கு என்ன வேலை என்று புரிந்தது. வடைக்குப் பிறகு நமக்கு டீ எதற்கோ, இந்தத் தட்டுக்கு அந்தக் கசப்பும் அதற்குத்தான்.

இரண்டாவது கிளாஸ் கோதுமை பீர். பூவன் பழமும் கிராம்பும். இது கற்பனை இல்லை: அந்தப் பீருக்கென்று இருக்கும் ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாக்குகிற ஐசோஅமைல் அசிடேட்தான் வாழைப்பழத்திலும் மணக்கிறது.

மூன்றாம் நாள், வெள்ளி

காலையில் அண்ணன் பிள்ளைகளோடு சாங்கி கடற்கரை. மதியம் நல்ல மழை.

திரும்பும் வழியில் ஒரு கடையில் அமெரிக்க ஐ.பி.ஏ. ஒரு கேன் 11 வெள்ளி கொடுத்து வாங்கினேன். வீட்டில் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. கேனின் அடியைத் திருப்பிப் பார்த்தேன்: டப்பாவில் அடைத்து 14 மாதம். அது அலமாரியில், குளிர்பெட்டிக்கு வெளியே இருந்தது என்று அப்போதுதான் நினைவு வந்தது. ஹாப்ஸ் வாசனைதான் முதலில் சாகும். இந்த ஊர் வெயிலில் இன்னும் வேகமாகச் சாகும். வாங்குவதற்கு முன் அடியில் தேதி பாருங்கள், குளிர்பெட்டியில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். கண்ணாடி பாட்டில் என்றால் பழுப்பு நிறமா என்றும் பாருங்கள். பச்சை, வெள்ளைக் கண்ணாடியில் வெளிச்சம் புகுந்து ஹாப்ஸைக் கெடுத்துவிடும்.

சாயங்காலம் மரினா பே நிதி மையத்தின் முதல் கோபுரம், 33-வது மாடி. லெவல் 33 என்ற இடம். 2010-லிருந்து இத்தனை உயரத்தில், உணவுக்கூடத்துக்குள்ளேயே செம்புக் கொப்பரைகள் வைத்துப் பீர் காய்ச்சுகிறார்கள். கீழே விரிகுடா, மூன்று கோபுரத்தின் தலையில் கப்பல் வைத்த மாதிரியான அந்த விடுதி, மழை விட்ட வானம். கொப்பரையை நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பொங்கல் பானையைத் துலக்கி வைத்தது போல மின்னியது. மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, வேகும் வாசனை இருக்குமா என்று எதிர்பார்த்தேன், இன்று அடுப்பு இல்லை போலிருக்கிறது.

இங்கே ஐந்து சின்னக் கிளாஸ் சேர்த்து ஒரு பலகையில் தருகிறார்கள். மூன்று கிளாஸ் கணக்கை மீறியதாகுமா என்று யோசித்தேன். அளவு சின்னது என்பதால் சரி என்று விட்டுவிட்டேன். பீர் எல்லாம் ஒழுங்காக, குறை சொல்ல முடியாதபடி இருந்தது. மனதில் நின்றது ஸ்டௌட் மட்டும். பார்லியைக் காப்பிக்கொட்டை போலக் கருக வறுத்துச் செய்வது. சுக்குக் காப்பியில் கருப்பட்டி குறைந்துபோனால் எப்படி இருக்கும், அப்படி.

பில் வரும்போது ஒன்று கவனிக்க வேண்டும். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்த மொத்தத்தின் மேல் 9 சதவீதம் வரி. 100 வெள்ளி என்று நினைத்துப் போனால் 119 வெள்ளி 90 காசு.

பீருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அண்ணன் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். இங்கே கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீர் என்று 2003-லிருந்து விநியோகிக்கிறார்கள். நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல், கடைசியில் புற ஊதாக் கதிர். அந்தத் தண்ணீரில் 1997-லிருந்து இங்கே பீர் காய்ச்சும் ப்ரூவர்க்ஸும் தண்ணீர் வாரியமும் சேர்ந்து நியூப்ரூ என்று ஒரு பீர் செய்தார்கள். 2018-ல் முதலில், பிறகு 2022-ல் கடைகளுக்கும் வந்தது. அண்ணன் குடித்திருக்கிறார். "வித்தியாசமே தெரியலடா, சாதா ஏல் மாதிரிதான் இருந்துச்சு" என்றார். தெரியக்கூடாது என்பதுதானே அதன் வெற்றி. உப்புகள் எல்லாம் நீக்கிய தண்ணீர் பீர் காய்ச்சுகிறவருக்குக் கோலம் போடாத வாசல் மாதிரி; எந்த உப்பு எவ்வளவு வேண்டுமோ அவரே சேர்த்துக்கொள்ளலாம். ஜிப்சம் கூட்டினால் ஹாப்ஸ் கசப்பு எடுப்பாகத் தெரியும். தண்ணீருக்கு இத்தனை பாடுபடும் ஊரில் அதில் பீரும் காய்ச்சிக் காட்டியது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

நான்காம் நாள், சனி

இந்தப் பயணத்தில் இதுவரை இன்றுதான் உச்சம். வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

அண்ணி காலையிலேயே லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்கா சந்தைக்குப் போய்ச் சங்கரா மீன் தலை ஒன்று, ஆட்டுக்கறி ஒரு கிலோ வாங்கிவந்துவிட்டார். மீன் தலைக் குழம்பு சிங்கப்பூரில் பிறந்த சாப்பாடு. 1949-ல் கேரளத்திலிருந்து வந்து உணவகம் நடத்திய எம்.ஜே. கோமஸ் என்பவர், மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக நம் குழம்பில் போட்டுக் கொடுத்தார் என்று சொல்கிறார்கள். அண்ணி அதில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் போட்டு, புளி தூக்கலாக, எங்கள் பக்கத்து வழக்கப்படி வைத்தார். இன்னொரு அடுப்பில் மட்டன் மிளகு வறுவல்.

நான் மூன்று ஒயின் வாங்கி வைத்திருந்தேன். நியூஸிலாந்து மார்ல்பரோவின் சாவிஞோன் ப்ளாங்க், ஆஸ்திரேலிய விக்டோரியாவின் ஷிராஸ், ஜெர்மனியின் மோசல் ஆற்றோரத்து ரீஸ்லிங். ரீஸ்லிங்கின் லேபிளில் கபினெட் என்று இருந்தது, ஆல்கஹால் 8.5 சதவீதம்தான், லேசான இனிப்பு மிச்சம் வைத்திருக்கிறார்கள். அண்ணி இதுவரை ஒயின் தொட்டதில்லை. "ஒரு வாய் மட்டும் தாங்க தம்பி, குழம்புக்கு எது சேரும்னு நான் சொல்றேன்" என்றார்.

முதலில் சாவிஞோன் ப்ளாங்க். பச்சை மிளகாயைக் காம்போடு ஒடித்தால் வரும் வாசனை, அதோடு கொய்யா இலையைக் கசக்கிய வாசனை. புளிப்பு நேராக இருக்கிறது, சுற்றி வளைக்கவில்லை. அப்பளத்தோடு, தயிர்ப் பச்சடியோடு அருமை. குழம்பு ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் புளியின் மேல் புளி ஏறி ஒயின் தண்ணீராகிவிட்டது.

அப்புறம் ஷிராஸ். இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று படித்ததை அப்படியே நம்பி மேஜையிலேயே வைத்திருந்தேன். அது ஐரோப்பாவின் அறை, 16, 18 டிகிரி. செங்காங்கின் மதியம் 31. வாயில் வைத்ததும் ஆல்கஹால் மட்டும் சூடாக ஏறியது. அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தபோது அது வேறு ஒயின். நாவல்பழம் தின்றபின் நாக்கு ஊதாவாகி வறண்டு இழுக்குமே, அந்தத் துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருந்து வரும் டானின் நம் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் அந்த இழுப்பு. கடுக்காய், பாக்கு, வாழைப்பூ, மாவடு எல்லாவற்றிலும் நமக்குப் பழக்கமானதுதான். இது எந்தத் துவர்ப்பு என்று பெயர் சொல்ல நான் அகராதியைத் தேடவே இல்லை.

மீன் குழம்போடு அந்த ஷிராஸ் சுத்தமாக ஒத்துவரவில்லை. இரும்பு ஆணியை நக்கியது போல ஒரு கவிச்சி. சிவப்பு ஒயினில் இரும்புச்சத்து இருந்தால் மீனோடு சேரும்போது இந்த நாற்றம் கிளம்பும் என்று படித்திருக்கிறேன், இன்று என் வாயிலேயே பார்த்துவிட்டேன். போதாததற்குக் காரம் இரட்டிப்பானது. மிளகாயின் எரிச்சலை உணர்கிற அதே இடத்தைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது, 14.5 சதவீத ஒயின் காரக் குழம்பின் எரிச்சலில் எண்ணெய் ஊற்றியது மாதிரிதான்.

ஆனால் அதே ஷிராஸை மட்டன் வறுவலோடு குடித்தபோது அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மிளகு போட்டிருக்கானாடா இதுல?" என்று கேட்டார். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சையிலும் இருக்கிறது. 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். குளிர்ந்த இடத்துத் திராட்சையில் இன்னும் கூடுதல். அம்மியில் அண்ணி பொடித்த மிளகும், விக்டோரியாவில் விளைந்த திராட்சையும் ஒரே வாசனையைப் பேசுகின்றன. வறுவலின் விளிம்பில் ஒட்டியிருந்த கருகல் மசாலாவை விரலால் வழித்து நாக்கில் வைத்து, உடனே ஒரு மடக்கு. அந்த ஒரு மடக்குக்காகப் பாட்டிலுக்கு 9 வெள்ளி சொச்சம் வரி கொடுத்தது எனக்குச் சம்மதம்.

கடைசியாக ரீஸ்லிங். முதல் முகர்வில் எலுமிச்சைப் பூ, அடியில் மெல்லிய மண்ணெண்ணெய். ரேஷன் கடை டின்னின் மூடியைத் திறந்ததும் தூரத்தில் நின்றால் வருகிற அளவு. இது குற்றமில்லை, இந்தத் திராட்சையின் குணம், வயது ஏற ஏறக் கூடும். எனக்குப் பிடித்திருந்தது. அண்ணி குழம்பில் மீன் கன்னத்துச் சதையைப் பிட்டுச் சோற்றோடு பிசைந்து ஒரு கவளம் சாப்பிட்டார், காரத்தில் மூக்கை உறிஞ்சினார், ரீஸ்லிங்கை ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பானகம் மாதிரி இருக்கு தம்பி. வெல்லம் கம்மியா, எலுமிச்சை தூக்கலா போட்ட பானகம்."

நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அண்ணியின் அந்த ஒரு வரியில் ஒயின் முழுதாக இருந்தது. லேசான இனிப்பு காரத்தை அணைக்கிறது, புளிப்பு குழம்பின் புளிக்கு ஈடு கொடுக்கிறது, ஆல்கஹால் குறைவு என்பதால் எரிச்சல் ஏறுவதில்லை. நம் சாப்பாட்டுக்கு ஒயின் பொருந்தாது என்று யாராவது சொன்னால் இந்த மதியத்தைச் சொல்வேன். அண்ணி மீதியிருந்ததை ஒரு துண்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டி உள்ளே எடுத்து வைத்துவிட்டார், அண்ணனுக்குக் கிடையாதாம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தேக்கா. சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லை. வாரம் முழுக்கக் கட்டடத்திலும் பட்டறையிலும் வேலை செய்த தம்பிகள் எல்லாரும் இன்று இங்கேதான்: ஊருக்குப் பணம் அனுப்ப, தலைமுடி வெட்ட, ஊர்க்காரனைப் பார்க்க. 2013 டிசம்பர் 8-ம் தேதி நடந்த கலவரத்துக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் சனிக்கிழமை காலை 7-லிருந்து திங்கள் காலை 7 வரை தெருவில், புல்தரையில் எங்கேயும் குடிக்கக்கூடாது. உரிமம் உள்ள உணவகத்துக்குள் உட்கார்ந்து குடிக்கலாம். ஆனால் அங்கே ஒரு பீரின் விலை அவர்களில் பலருக்குக் கட்டுப்படியாகாது. ஒரு தம்பி மைலோ (சாக்லெட் பானம்) வாங்கிக் குடித்துக்கொண்டு வீடியோ காலில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். நான் ருசி பார்க்க வந்திருக்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தத் தெருவைத் தாண்டினேன்.

பத்து நிமிஷ நடையில் ஜாலான் புசார். பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு பீர்க்கடை. பெல்ஜியத்து லாம்பிக் வகை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, ஆனால் விலை பாட்டிலுக்கு 38 வெள்ளி. தயங்கி நின்றபோது பக்கத்து மேஜையிலிருந்து ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், "என்னா தம்பி தேடுறீங்க?" என்று தமிழில் கேட்டார். இங்கேயே பிறந்தவராம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் நானும் பாட்டிலைப் பாதிப் பாதி எடுத்துக்கொண்டோம்.

லாம்பிக் பிரஸல்ஸ் பக்கத்தில் செய்வது. காய்ச்சிய மால்ட் தண்ணீரை அகலமான தொட்டியில் ஒரு இரவு திறந்து வைத்துவிடுவார்கள். காற்றில், மரச்சட்டத்தில் இருக்கும் ஈஸ்ட்டும் நுண்ணுயிரும் தானாக விழுந்து நொதிக்கும். பிறகு மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில். யாரும் ஈஸ்ட் போடுவதில்லை.

ஐயா முகர்ந்து பார்த்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து முகர்ந்தார்.

"கள்ளு."

நானும் அதையேதான் நினைத்தேன், வாய் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். வைக்கோல், புளித்த மாவு, லேசாக மாட்டுத் தொழுவம், அடியில் பச்சை ஆப்பிள். நாக்கில் சுருக்கென்ற புளிப்பு, பிறகு மரப்பட்டைத் துவர்ப்பு. கள்ளும் அப்படித்தானே உண்டாகிறது. பாளையிலிருந்து சொட்டும் இனிப்புச் சாறு கலயத்தில் விழுந்ததுமே காற்றிலுள்ள ஈஸ்ட் பிடித்துக்கொள்ளும், சில மணி நேரத்தில் நுரைக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால்தான் பதநீராக நிற்கும். காலையில் இனிப்பு, மதியம் சுறுசுறுப்பு, சாயங்காலம் புளிப்பு, மறுநாள் காடி. பெல்ஜியத்துக்காரன் அந்தச் சாயங்காலப் புளிப்பைப் பிடித்து வருஷக்கணக்கில் பீப்பாயில் நிறுத்தியிருக்கிறான்.

ஐயா பழைய கதை சொன்னார். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே அரசாங்கமே கள்ளுக்கடை நடத்தியது. நகராட்சியிலும் துறைமுகத்திலும் வேலை செய்த நம் கூலியாட்கள் சாயங்காலம் அங்கேதான் போவார்கள். அவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். சின்ன வயதில் அப்பாவைக் கூப்பிட அம்மா இவரை அனுப்புவாராம். வாசலில் நின்றாலே இந்த வாடை வருமாம். "அம்மாவுக்குப் பிடிக்காது. எனக்கு அந்த வாடைன்னா அப்பா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளாஸின் அடியில் கொஞ்சம் மண்டி தங்கியிருந்தது. அவர் அதைச் சுழற்றி, மண்டியோடு குடித்து முடித்தார்.

எங்கள் ஊர் அரிக்கமேட்டில் மண்ணைத் தோண்டியபோது ரோமானிய மது ஜாடிகளின் உடைசல் கிடைத்தது. 2000 வருஷத்துக்கு முன்பே கப்பலில் வந்த அயல்நாட்டு மதுவை நம் ஆட்கள் ருசி பார்த்திருக்கிறார்கள். தேறல், நறவு, மட்டு, பிழி என்று நம்மிடம் அப்போதே இத்தனை சொல் இருந்தது. அந்த ஜாடியைத் திறந்து முதலில் குடித்தவனும் தன் ஊர்க் கள்ளோடு ஒப்பிட்டுத்தான் பேசியிருப்பான் என்று இன்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

வரும்போது அதே பீர் சின்ன பாட்டில், 375 மில்லி, ஒன்று வாங்கிக்கொண்டேன். அப்பாவுக்கு.

ஆறாம் நாள், திங்கள் (புதுச்சேரியில் இருந்து, செவ்வாய் காலை எழுதுவது)

பாட்டிலை அண்ணனின் பழைய கைலியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்தேன். சென்னை சுங்கத்தில் பிரச்சினை இல்லை. ஆளுக்கு 2 லிட்டர் வரை கொண்டுவரலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் குலுக்கிய குலுக்கலில் நுரைத்துவிடுமோ என்று பயந்து, வீடு வந்ததும் நேரே குளிர்பெட்டியில் நிற்க வைத்தேன்.

அப்பாவுக்கு வயது 68. வில்லியனூர் பக்கம் இளம் வயதில் கள் குடித்தவர், நல்ல கள் எது, தண்ணீர் கலந்தது எது என்று நுரையைப் பார்த்தே சொல்வார். இரவு சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். என்னவென்று சொல்லவில்லை. அவர் டம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்து வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"தென்னங்கள்ளுடா. நேத்து சாயங்காலம் இறக்கினது. எந்தத் தோப்பு?"